பத்தொன்பது கழிகள்

வீப்ரன் எழுதியிருந்தது ஒரே வரி:
"மறுபடியும் அதே மூன்று பற்கள்."

வடக்கு ஃப்ரீஸ்லாந்து, நவம்பர்.
வாய்க்கால் கரையோடு எதிர்காற்றில் மிதித்து
நான் போய்ச் சேர்ந்தபோது
சாம்பல் நாரை நின்றுகொண்டிருந்தது,
நான்கு இறக்கையும் கட்டுண்டு.
நாரை என்றது ஆலையை.
இங்கே காற்றாலைக்குப் பெயர் வைப்பார்கள், படகுக்குப் போல.
கடன் பத்திரத்திலும் அந்தப் பெயர்தான்.

ஏணி. மாவுத்தூசி. தேன்மெழுகு வாசனை.
பெரிய சக்கரத்தில் அறுபது மரப்பல்.
அதைக் கடித்துச் சுழலும் கூண்டில் இருபது கழி.
சாக்பீஸால் எண்ணிட்டுக்கொண்டே போனேன்.
ஏழு தேய்ந்திருந்தது.
இருபத்தேழு தேய்ந்திருந்தது.
நாற்பத்தேழைத் தொட்டதும் விரலில் சிராய் ஏறியது.
மற்ற ஐம்பத்தேழும்
நேற்றுச் செதுக்கியவை மாதிரி,
ஒன்றும் அறியாத முகத்தோடு.

"மூன்று முறை மாற்றிவிட்டேன்," என்றான்.
"மரம் விற்றவன் திருடன்."

மரத்தில் குற்றமில்லை.
கூண்டின் ஏழாம் கழியில் ஒரு கணு,
கட்டைவிரல் நகமளவு, கல்லாய் இறுகியது.
அறுபதை இருபது மீதியின்றி வகுக்கும்.
எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும் அந்தக் கணு
ஏழு, இருபத்தேழு, நாற்பத்தேழு
இந்த மூவரைத் தவிர யாரையும் சந்திக்காது.

அறுபதின் வகுத்திகளைச் சொன்னால் வாய் வலிக்கும்:
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு
பத்து பன்னிரண்டு பதினைந்து இருபது முப்பது...
வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்கும் எண்.
சந்தைக்கு நல்லது. சக்கரத்துக்கு ஆகாது.

"அந்தக் கழியை மட்டும் மாற்று."
மாற்றலாம்.
அடுத்த கணு அடுத்த மூன்றைத் தின்னும்.
"சரி, ஒன்று கூட்டு. இருபத்தொன்று."
யோசித்துத்தான் சொன்னான், பாவம்.
இருபத்தொன்றுக்குள் ஒரு மூன்று படுத்திருக்கிறது,
அறுபதுக்குள்ளும் அதே மூன்று.
கழி ஒவ்வொன்றுக்கும் இருபது பல் வாய்க்கும்;
மீதி நாற்பதும் கடைசிவரை அந்நியம்.

"பத்தொன்பது," என்றேன்.
"குறைக்கிறாயா? கூலி?"
கூலி அதேதான்.

பத்தொன்பதைப் பகுக்க வராது.
பங்குக்கு வராது, பகைக்கும் வராது.
தன் மடங்கல்லாத எவரோடும்
ஒன்றைத் தவிர எதையும் பகிராது.
என் முன்னாள் கணவன் என்னைப் பற்றி
ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறான்,
வேறு தொனியில்.

மூன்று வாரம்.
புதுக் கூண்டு, பழைய கழிகள்.
அச்சை ஒரு விரற்கடை நெருக்கினேன்.
இருபதில் ஒன்று நுனி பிளந்திருந்தது,
தள்ளினேன்.
ஆகையால் கணுக்கழியும் உள்ளே போயிற்று,
இழைத்து, மெழுகிட்டு, மன்னிக்கப்படாமல்.

ஏழாம் பல்லில் நீலம், கணுவில் நீலம்.
பிரேக்கை விட்டோம்.
ஏழைத் தொட்டது. பிறகு இருபத்தாறு.
நாற்பத்தைந்து. நான்கு. இருபத்து மூன்று.
எல்லாருக்கும் முதல் அடி விழும்வரை
யாருக்கும் இரண்டாவது இல்லை.

சுற்றுகளை வீப்ரன் எண்ணினான்.
பதினொன்றில் ரை மாவு கேட்டு ஒருத்தி வந்தாள்,
சில்லறை இல்லை என்றாள், எண்ணிக்கை போயிற்று.
திட்டிக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து.
பத்தொன்பது முடிந்தபோது
நீலம் நீலத்தில் வந்து பொருந்தியது.
இடையில் ஆயிரத்து நூற்று நாற்பது கடி.
அவன் தொப்பியைக் கழற்றினான்,
தலை சொறியத்தான் என்று நினைக்கிறேன்.

பிளந்த கழி இப்போது
மாடி ஜன்னலுக்கு முட்டு.

போன மாதம் கடிதம் வந்தது, ஒரே வரி:
"எல்லாப் பல்லும் கொஞ்சம் கொஞ்சம் தேய்கிறது.
இதற்கா பணம்?"

இதற்குத்தான் என்று எழுதி
தபால்தலை ஒட்டினேன்.